கீழே காயம், மாடியில் காய்ச்சல்

ஆயிரம் பேருக்கு நாலு பேர். மண்டப மேனேஜர் தன் ஐம்பத்தேழாவது வயதில் கேட்ட இந்தக் கணக்கு, முதலில் காதில் விழுந்தபோது அவருக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது.

சொன்னவர் ராணுவ டாக்டர். நாற்பதைத் தொடாத பெண்மணி, பதவி மேஜர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தரைப்படை முன்னேறப்போகிறது. அதற்குள் ஆஸ்பத்திரி ஆக்கக்கூடிய பெரிய கட்டடம் ஒன்று வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி, கடைசியில் கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தார். மேடையில் ஏறி நின்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஐயாயிரம் பேர் போறாங்க. ஆயிரத்துக்கு நாலு பேர் காயம், ரெண்டு பேர் நோயாளின்னு வெச்சிருக்கோம். அதுக்குத் தகுந்த மாதிரி கட்டில் போடணும்."

"நாலேதானா மேடம்?"

"அப்படித்தான் வெச்சிருக்கோம்."

அந்த ஐயாயிரத்தில் ஒருவர் மேனேஜரின் மருமகன். ஒரே மகளின் கணவர். ஆயிரத்தில் நாலு போனால் மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. அந்தப் பெரிய கூட்டத்தில் மருமகன் சௌகரியமாக உட்கார்ந்திருப்பது போல மேனேஜருக்குத் தோன்றியது.

கூட்டம் என்றால் அவருக்குத் தெரியும். பதினாறு வயதில் வாடகைக் கடையில் நாற்காலி தூக்க ஆரம்பித்தவர். பிறகு பந்தல் விளக்கு, பிறகு மைக் செட், கடைசியில் இந்த மண்டபம். ஊரில் அவருக்கு 'தலை எண்ணி' என்று பெயர். வாசலில் நின்று பார்த்தே எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லிவிடுவார். "எங்க பக்கம் கொஞ்சம் பேர்தாங்க" என்று பெண்ணின் அப்பா சொன்னால் இரண்டால் பெருக்குவார். பத்திரிகை தடிமனாக இருந்தால் பாதியாகக் குறைப்பார். மழை பெய்தால் கால்வாசி கழிப்பார். ஆனால் பாதி விசேஷத்தில் மழை பிடித்துக்கொண்டால் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்பதால் ஐம்பது நாற்காலி கூட்டிப் போடுவார். தப்பு நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. நடந்தால் பெண்ணின் அப்பாவைக் கை காட்டிவிடுவார்.

எனவே ஆஸ்பத்திரி ஏற்பாட்டுக்கு டாக்டர் அவரையே வைத்துக்கொண்டார். மேனேஜரும் உற்சாகமாகத் திட்டம் சொன்னார். கீழ் ஹால் பெரியது, கதவு அகலம், ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே வரும். ஆகவே கீழே காயம். நோயாளிகள் மாடியில், சாப்பாட்டு ஹாலில்.

"மாடியில பதினாறு குழாய் இருக்கு மேடம். வரிசையா கை கழுவலாம். தரையையும் தண்ணி ஊத்தித் தள்ளிடலாம்."

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. கட்டில்கள் ஏறின.

அன்று மாலை வீட்டில் மேனேஜர் கணக்கைச் சொன்னார். மகள் மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. மனைவி மட்டும் கையில் இருந்த துணியை மடிக்காமல் நின்றாள்.

"ஏங்க, நாலு பேர்னா ஒரு நாளைக்கா, மொத்தத்துக்குமா?"

"மொத்தத்துக்கும்தான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரிடம் போனார். டாக்டர் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு, மேனேஜர் சார்."

"எத்தனை நாள் மேடம்?"

"அது எங்க யாருக்கும் தெரியாது."

"அப்போ ஐயாயிரம் பேருக்கும் ஒரே மாதிரிதானே? எல்லாருக்கும் பொதுவா நாலு? எங்க ஆள் ஒருத்தரும் போறார்."

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். ஏமாற்றத் தெரியாத முகம். "ஐயாயிரத்துல சமையல்காரன், டிரைவர், ஸ்டோர்காரன், நான், எல்லாரும் சேர்த்தி. துப்பாக்கி எடுத்துக்கிட்டு முன்னாடி போறவன் பங்கு ரொம்பக் கூட. பின்னாடி இருக்கிறவன் பங்கு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. ரெண்டையும் கலந்துதான் இந்த நாலு. உங்க ஆள் என்ன வேலை?"

"கம்பி இழுக்கிறார் மேடம். டெலிபோன் கம்பி. வெளியில எலெக்ட்ரீஷியன். முன்னாடியா பின்னாடியா?"

"கம்பி எங்க போகுதோ அங்க."

இந்தப் பதிலை வீட்டுக்கு எடுத்துப்போன மேனேஜருக்கு அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. கம்பி முன்னாலிருந்து பின்னால் வரும், பின்னாலிருந்து முன்னாலும் போகும். மகள் பழைய கடிதங்களைப் புரட்டினாள். 'நன்றாக இருக்கிறேன், காலுறை அனுப்பவும்' என்பதற்கு மேல் மருமகன் எதிலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு வழி கண்டுபிடித்தது மனைவிதான்.

"அந்த நோயாளி ரெண்டு பேர்னு சொன்னாங்களே, அவங்களை என்ன செய்வாங்க?"

"இங்கதான், மாடியில படுக்க வைப்போம்."

"ஆத்துக்கு இந்தப் பக்கம்தானே?"

"ஆமா."

மனைவிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மருமகன் கல்யாணமான வாரத்திலேயே பஸ் ஸ்டாண்ட் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தவர். அப்போது அதை ஒரு குறையாகச் சொல்லிக் காட்டியவளும் இவள்தான். இப்போது கையைக் குவித்து, "கடவுளே, மாப்பிள்ளைக்கு நல்லா வயித்தால போகணும்" என்றாள்.

"அம்மா!" என்று கத்தினாள் மகள்.

"என்னடி அம்மா? குண்டு பட்டா பரவாயில்லையா?"

"அவருக்கு ஒண்ணுமே வரக்கூடாதுன்னு வேண்டக் கூடாதா?"

"அதுக்கு மேடம்கிட்ட கணக்கு இல்லையாம்."

வேண்டுதல் பலித்தது. ஆனால் ஒருவருக்கு மட்டும் என்று குறிப்பிட்டு வேண்டத் தவறிவிட்டாள் போலிருக்கிறது. முன்னேற்றம் மழையால் தள்ளிப்போனது. படை முழுக்க ஆற்றங்கரைப் பள்ளங்களில் கணுக்கால் தண்ணீரில் காத்துக்கிடந்தது. குடிதண்ணீர் வண்டி சேற்றில் புதைந்துவிட, பக்கத்துக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். ஒரு குண்டுகூட வெடிப்பதற்கு முன்னால் லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி, சீதபேதி. கீழ் ஹாலில் காயக்காரர்களுக்காக விரித்த வெள்ளை விரிப்புகள் கசங்காமல் கிடந்தன. மாடியில் கட்டிலுக்குக் கட்டில் இரண்டு பேர்.

அப்போதுதான் மேனேஜர் செய்த தப்பு வெளியே வந்தது. மாடியில் பதினாறு குழாய் இருந்தது. கக்கூஸ் ஒன்றுகூட இல்லை. இருந்த எட்டும் கீழே, ஹாலுக்குப் பின்புறம். மண்டபக்காரர் மூளைக்குத் தெரிந்தவரை, சாப்பிட்டவன் கை கழுவுவான், கீழே இறங்குவான், வீட்டுக்குப் போவான். முப்பத்திரண்டு படி இறங்க ஐந்து நிமிஷம் பொறுக்க முடியாத விருந்தாளியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மண்டப வாசல்காரரைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து. அவர் படியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோய் மேனேஜரிடம் வந்தார்.

"அண்ணே, பாதிப் பேர் பாதிப் படியிலேயே முடிச்சுடறான். மீதிப் பேர் ஏறி வரும்போது மறுபடியும் இறங்கறான்."

டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. தன் பங்குக்குத் தானும் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நானும்தான் ரெண்டு பேர்னு சொன்னேன். இன்னிக்கு ஆயிரத்துக்கு முப்பது வந்திருக்கு. நாளைக்கு என்னன்னு கேட்காதீங்க." அன்று பகல் முழுக்க கட்டில்கள் படியில் ஏறின, இறங்கின. சாயங்காலம் கீழே நோய், மாடியில் யாருமில்லை.

நாலாவது நாள் வந்த லாரியில் மருமகன் இருந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், இரண்டு பேர் தோளில் கை போட்டு இறங்கினார். மேனேஜருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!"

"மாமா," என்றார் மருமகன் தீனமாக, "கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிடாதீங்க. எந்தப் பக்கம்?"

பூட்டு கை காட்டினார்.

மருமகனோடு சேர்த்துக் கம்பி இழுக்கும் குழு ஆறு பேர். மூன்று பேர் இப்போது மண்டபத்தில். மழை நின்றது. மறுநாள் படை ஆற்றைக் கடந்தது, மீதி மூன்று பேரோடு.

மண்டபத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உதவியாளர்கள் போதாததால் டாக்டர் அந்த வேலையை மண்டப ஆட்களிடமே விட்டிருந்தார். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சிலேட் தொங்கும். கக்கூஸ் வாசலில் பூட்டு சாக்பீஸோடு உட்கார்ந்திருப்பார். ஒருவர் போய் வந்தால் எழுந்து போய் அவர் சிலேட்டில் ஒரு கோடு போடுவார். டாக்டர் காலையில் எண்ணி எழுதிக்கொண்டு அழித்துவிடுவார். இரண்டு நாள் கோடே விழாதவர் லாரியேறித் திரும்பலாம். மேனேஜர் விடிந்ததும் ஒரு சுற்று வந்து எல்லாம் சரியா என்று பார்ப்பார்.

மருமகன் சிலேட்டில் முதல் நாள் இடமே இல்லை. பிறகு ஐந்து, பிறகு இரண்டு. அதற்கடுத்த இரண்டு நாளும் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் முடிந்த காலை, சுற்று வந்த மேனேஜர் அந்தக் கட்டிலருகே நின்றார். சிலேட் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. மருமகன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ் எப்படியோ இருந்தது. மூன்று கோடு போட்டார். போட்ட பிறகு, ஏன் மூன்று, ஒன்று போதாதா என்றுதான் முதலில் தோன்றியது. தப்பா சரியா என்ற யோசனை டீ குடிக்கும்போதுதான் வந்தது, டீ முடிவதற்குள் முடியவில்லை.

டாக்டர் எண்ணினார். புருவம் சுருங்கியது. "விட்டுப்போன பிறகு திரும்ப வருதா? மருந்து கேக்கலையே." மாத்திரையை மாற்றினார். புது மாத்திரை மஞ்சளாக, பெரிதாக இருந்தது. அதை விழுங்கிய மத்தியானமே மருமகனுக்குக் குமட்டல், வயிற்றைப் பிசைந்தது, சாயங்காலம் நிஜமாகவே இரண்டு தடவை ஓடினார். பூட்டு நிஜமாகவே இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடுகளைப் பார்த்த மேனேஜருக்கு, தான் போட்டது பொய்யா, கொஞ்சம் முன்கூட்டியே போட்டதா என்று குழம்பிவிட்டது.

இதற்கிடையில் காயக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இவர்களைப் படியேற்றித் தூக்கிப்போக வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

"எத்தனை மேடம் இன்னிக்கு?"

"ஆயிரத்துக்கு ஆறு, ஏழு வருது."

"நாலுன்னு சொன்னீங்களே."

"முன்னாடி ஆள் குறைஞ்சா இருக்கிறவன் ரெண்டு பேர் வேலை செய்றான். அவனே காவலுக்கு நிக்கறான், அவனே சுமை தூக்கறான். தூங்காதவனுக்கு அடிபடும்."

மேனேஜர் கீழ் ஹால் பக்கம் கை காட்டினார். "ஒரு சந்தேகம். இங்க கீழ படுத்திருக்கிறவங்களையும் சேர்த்து ஆயிரமா, சேர்க்காமலா?"

"மேலிடத்துக்குச் சேர்த்துதான் அனுப்பறேன். சேர்க்காம போட்டா இன்னும் மோசமா வரும்."

"எது சரி?"

"என்ன தெரிஞ்சுக்கணும்னு கேக்கறீங்கங்கறதைப் பொறுத்தது."

என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மேனேஜருக்குத் தெரிந்தேதான் இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை ஸ்ட்ரெச்சரில் ஒருவன் வந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டு, கட்டெல்லாம் சிவப்பு. கீழ் ஹாலைக் கடந்து படிக்குப் போகும்போது கட்டில் வரிசையில் மருமகனைப் பார்த்துவிட்டான். கம்பிக் குழுவில் மீதமிருந்த மூவரில் ஒருவன். 'ஒல்லி' என்று கூப்பிடுவார்கள்.

"டேய், இன்னும் கக்கூஸ் வாசல்லயேவா இருக்க? உன் கம்பிச் சுருளையும் நான்தான்டா இழுத்தேன். எவ்வளவு கனம்னு சொல்லவே இல்லையே பாவி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் இடித்ததும் அலறினான்.

மருமகன் எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் படிப் பக்கமே பார்த்தார். பிறகு, அந்தப் பக்கம் நாற்காலி ஒழுங்கு செய்வதுபோல நின்ற மேனேஜரைக் கூப்பிட்டார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நேத்து காலையில சிலேட்டுல மூணு கோடு இருந்துது. நான் முந்தின நாள் ஒரு தடவைகூடப் போகல. பூட்டண்ணன் கணக்கு மாத்தி வேற கட்டிலுக்குப் போட வேண்டியதை இங்க போட்டுட்டாரோ?"

பூட்டின் மேல் பழியைப் போட வாய்ப்பு வந்து கையில் விழுந்தது. மேனேஜர் அதை எடுக்கத்தான் நினைத்தார். வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது.

"நான்தான் போட்டேன் மாப்பிள்ளை."

மருமகன் கோபப்படவில்லை. அதுதான் மேனேஜரை இன்னும் குழப்பியது. மருமகன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ எனக்குச் சரியாயிடுச்சா?"

"கோடு போடறதுக்கு முன்னாடி சரியாத்தான் இருந்துது."

"நேத்து சாயங்காலம் ரெண்டு தடவை போனேனே?"

"அது மாத்திரையால இருக்கும்."

"மாத்திரை எதுக்குக் குடுத்தாங்க?"

"கோட்டுக்கு."

"கோடு?"

"அதான் சொன்னேனே மாப்பிள்ளை."

இந்த நேரத்தில் மகள் வந்தாள். மருந்துக்கடை மத்தியான இடைவேளையில் தினம் வருவாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், கேட்டாள், சொன்னார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அப்புறம் நீங்க போடலைன்னா உங்ககூட பேசியிருக்க மாட்டேன்."

"இப்போ பேசறியா?"

"அதுவும் தெரியல."

கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு நிஜமா எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

"வயிறு பிசையுது. மாத்திரையா, வியாதியா, பயமான்னு எனக்கே பிரிச்சுத் தெரியல. போன வாரம் வியாதின்னு தெளிவா தெரிஞ்சுது. அப்போ நல்லா இருந்துது." மேல் படியைப் பார்த்தார். "அங்க இப்போ ரெண்டே பேர். ஆறு பேர் இழுக்கற கம்பி."

"உங்க வயித்தைக் கேட்டேன்."

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மேனேஜர் படியேறி டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒல்லியின் கால் வைத்தியத்தை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், அந்தப் பதினாறு குழாயில் ஒன்றில். மேனேஜர் சொல்வதைத் தண்ணீரை நிறுத்தாமல் கேட்டார். பிறகு நிறுத்தினார்.

"வேற யாருக்காவது போட்டீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா."

"பூட்டைக் கூப்பிடுங்க."

பூட்டு சாவிக்கொத்தோடு வந்தார். கேள்வியைக் கேட்டதும் நேர்மையாக யோசித்தார். "வேணும்னு போடல மேடம். ஆனா நாலஞ்சு பேர் ஒண்ணா ஓடி வந்தா யார் யாருன்னு தெரியாது. அந்த வரிசைக்கே ஆளுக்கொண்ணு போட்டுடுவேன். குறைச்சுப் போட்டா பாவம் இல்லையா?"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தினம் காலையில் அந்தக் கோடுகளைக் கூட்டித்தான் யாரை அனுப்பலாம், யாரை வைக்கலாம் என்று முடிவு செய்திருந்தார். தினம் மத்தியானம் அதைத்தான் நோயாளிக் கணக்கு என்று மேலிடத்துக்கும் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து மேலிடம் தண்ணீர் வண்டிகளை எங்கே அனுப்பியது, யாரை எங்கே நகர்த்தியது என்பது அவருக்கும் தெரியாது. திட்ட வாயெடுத்தார். பூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"இங்க படுத்திருக்கிறவர்தான் உங்க மாப்பிள்ளைன்னு என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா..."

"என்ன செஞ்சிருப்பீங்க மேடம்?"

"சிலேட்டை உங்ககிட்ட குடுத்திருக்க மாட்டேன்." ஈரக் கையைத் துடைத்தார். "வேற ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. கீழ இருக்கிற எல்லாரும் யாருக்கோ மாப்பிள்ளைதான்."

"இப்போ அவருக்குச் சரியாயிடுச்சா, இல்லையா மேடம்? அதையாவது சொல்லுங்க."

"தெரியாது. நீங்க கெடுத்து வெச்சிருக்கீங்க. முதல்லயிருந்து பார்க்கணும்."

மேனேஜர் கீழே இறங்கினார். மகளும் மருமகனும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். முதல்லயிருந்து பார்க்கணுமாம் என்றார். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று மூன்று பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் தேடினார்கள்.

மஞ்சள் மாத்திரை நிறுத்தப்பட்டது. எல்லாச் சிலேட்டையும் துடைத்தார்கள். சாக்பீஸ் இப்போது ஒரு ராணுவ உதவியாளர் கையில் இருக்கிறது. மேனேஜருக்கு மாடி வார்டு வேலை, ஒல்லி இருக்கும் வரிசை. முதல் நாள் முடிந்தது, மருமகன் சிலேட்டில் கோடு இல்லை. லாரி நாளை மறுநாள் காலை கிளம்புகிறது.